முதுமக்கள் தாழி: மரபு நடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொந்தகை என்று பழைய இடுகாடுகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைதான் முதுமக்கள் தாழி. வேனை விட்டு இறங்கி, செம்மண்ணில் பாதி புதைந்து வட்டமாகத் தெரியும் முதல் தாழி விளிம்பைக் காட்டியதுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். போவதற்கு முன் படித்துவிட்டு வந்தால் வெயிலில் நிற்கும் நேரமாவது குறையும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

வயதானவர்களை உயிரோடு தாழிக்குள் வைத்துப் புதைத்தார்களாமே, உண்மையா?

இல்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லாத ஊர் தென்மாவட்டங்களில் குறைவு. "அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராது. வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் கைப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்கள். பார்த்துக்கொள்ள முடியாமல் ஒரு பானையில் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள்." என் பாட்டியும் இப்படித்தான் சொன்னார். வயலில் பெரிய பானை, அதற்குள் சின்னச் சின்னக் கலயங்கள், கூடவே எலும்பு என்று பார்த்தவர்கள் அதற்கு ஒரு விளக்கம் தேடியிருக்கிறார்கள். கதை அப்படிப் பிறந்திருக்கும்.

தாழிக்குள் இருப்பவை அந்தக் கதைக்கு ஒத்துவருவதில்லை. பல தாழிகளில் எலும்புகள் உடலின் வரிசையில் இருக்காது. கை கால்களின் நீள எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பார்கள், பக்கத்திலோ மேலேயோ மண்டையோடு இருக்கும். ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வருவதுண்டு. குழந்தைகளின் எலும்புகளும் வருகின்றன. சில தாழிகளில் வாயின் அகலத்தைப் பார்த்தாலே போதும், பெரிய ஆள் ஒருவரை உள்ளே இறக்க வழியே இருக்காது.

முழு உடலாக வைத்த தாழிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதிச்சநல்லூரில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, கைகால் மடக்கிக் குந்திய நிலையில் முழு எலும்புக்கூடுகளைக் கண்டிருக்கிறார். அவையும் இறந்த பிறகு மடக்கி வைக்கப்பட்டவைதான்.

அப்புறம் ஏன் 'முதுமக்கள்' என்ற பெயர்?

முதுமக்கள் என்றால் முன்னோர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். சங்கப் பாட்டில் 'தாழி', 'ஈமத்தாழி' என்றே வருகிறது. சில ஊர்களில் 'மதமதக்கத் தாழி' என்பார்கள்.

எலும்பு மட்டும் எப்படித் தாழிக்குள் போனது?

இரண்டு கட்டமாக நடந்த சடங்கு இது. முதலில் உடலை வெளியில் ஓரிடத்தில் விட்டுவிடுவார்கள், அல்லது தற்காலிகமாக மண்ணில் மூடி வைப்பார்கள். சதை போனபின் எலும்பைப் பொறுக்கித் தாழியில் இட்டுப் புதைப்பார்கள். ஆய்வாளர்கள் இதை இரண்டாம்நிலை ஈமம் என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மண்டையோட்டைவிட விரல் எலும்புகள்தான் அதிகம் உதவும். கையிலும் காலிலும் சேர்த்து நூறுக்கு மேல் சிறு எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டு எலும்புகள் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். சதை போன இடத்திலிருந்து எலும்பைப் பொறுக்கும்போது இவைதான் முதலில் தவறிப்போகும். தாழிக்குள் தொடையெலும்பும் மண்டையோடும் இருந்து விரல் எலும்புகள் இல்லையென்றால், அவை வேறெங்கோ கிடந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். விரல்கள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தால் உடலாகத்தான் வைத்திருக்கிறார்கள். எலும்பில் நாய், நரியின் பல் தடம் இருக்கிறதா என்பதையும் தேடுவார்கள்.

எரித்த மறுநாள் காடாற்றும்போது எலும்பு பொறுக்கிக் கலயத்தில் இட்டு ஆற்றில் கரைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அது இதன் நேரடித் தொடர்ச்சி என்று சொல்ல ஆசையாக இருக்கும். நான் சொல்லமாட்டேன். நடுவில் இரண்டாயிரம் வருட இடைவெளி இருக்கிறது. இறந்தவருக்கு இரண்டாம் முறை ஒரு காரியம் செய்வது உலகில் பல இடங்களில் தனித்தனியாகவும் தோன்றியிருக்கிறது.

சரி, பண்டைத் தமிழர் புதைத்தார்களா, எரித்தார்களா?

இரண்டும்தான், அதுவும் பக்கத்தில் பக்கத்தில். "எரித்தல் வடக்கு வழக்கம், புதைத்தல் தெற்கு வழக்கம்" என்று கோடு போட்டுப் பிரிப்பவர்களிடம் மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையில் வரும் இரண்டு அடிகளைக் காட்டுவேன்: "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்". எரிப்பவர்கள், அப்படியே போட்டுவிடுபவர்கள், குழிதோண்டிப் புதைப்பவர்கள், தாழ்வான இடத்தில் வைத்து அடைப்பவர்கள், தாழியால் கவிப்பவர்கள். புகார் நகரத்து ஒரே சுடுகாட்டில் ஐந்து வழக்கம்!

புறநானூற்றிலும் இதே நிலைதான். 246-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி ஏறத் துணிந்தது கட்டை அடுக்கிய ஈமத்தீ. 228-இல் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவரைப் பார்த்து, "இவ்வளவு பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழி செய்ய வேண்டுமானால் நிலத்தைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு உன்னால் வனைய முடியுமா?" என்று கேட்கிறார். 256-இல் கணவனை வழியில் இழந்த ஒரு பெண், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப் போல அவனோடு வந்த எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனை என்கிறாள். 238-இல் கவிழ்ந்த செந்தாழியின் மேல் கழுகு உட்கார்ந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுச் செம்மண்ணில் நிற்கும் சிவப்புத் தாழியைப் பார்த்தால் புலவர் நேரில் பார்த்துத்தான் பாடியிருக்கிறார் என்பது புரியும்.

யாருக்குத் தீ, யாருக்குத் தாழி என்பதை முடிவு செய்தது குலமா, சாவின் விதமா, குடும்பத்தின் வசதியா? பாட்டை வைத்தோ பானையை வைத்தோ ஒரே விதி சொல்ல முடியாது.

எரிந்த எலும்பில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

நிறையவே மிஞ்சும். மின்மயானத்தில் நம்மிடம் தரும் கலயத்தில் சாம்பல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எலும்புத் தூள்தான். வளர்ந்த ஒருவருக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். பழங்காலக் கட்டைத் தீயில் எலும்பு தூளாகாது, துண்டுகளாக நிற்கும். ஒரு குழியில் முந்நூறு கிராம் மட்டும் கிடைத்தால், எரித்த இடம் வேறு, கொஞ்சம் மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

அடுத்துப் பார்ப்பது நிறம். 300, 400 டிகிரியில் எலும்பு கருப்பாகும். 500, 600-இல் சாம்பல் நீலம். 700-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு வெள்ளை, தட்டினால் ஓட்டுச் சில்லு போல ஒலிக்கும். ஒரே ஆளின் தொடை வெள்ளையாகவும் பாதம் கருப்பாகவும் இருந்தால் பாதம் தீயின் ஓரத்தில் கிடந்திருக்கிறது, அல்லது கட்டை போதவில்லை. மயானத்தில் வேலை செய்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "காலு எப்பவும் லேட்டாத்தான் வேகும், தம்பி" என்றார்.

விரிசலும் பேசும். சதையோடு எரிந்த எலும்பு வளையும், குறுக்கே நகப்பிறை போல விரிசல் விடும். காய்ந்து உலர்ந்தபின் எரிந்தது பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கும். இறந்த உடனே எரித்தார்களா, பின்னால் எலும்பை எடுத்து எரித்தார்களா என்பதற்கு இது ஒரு துப்பு. ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது, விதிவிலக்குகள் இருக்கின்றன.

எரிந்துபோனபின் காலம் கணிக்க முடியுமா?

முன்பு முடியாது என்றுதான் இருந்தது. எலும்பில் கரிமக் கணிப்புக்கு (கார்பன் டேட்டிங்) எடுப்பது கொலாஜன் என்ற புரதம், அது தீயில் போய்விடும். 1990-களின் கடைசியில் ஒரு வழி பிறந்தது. வெள்ளையாகும் அளவுக்கு எரிந்த எலும்பின் தாதுப்பகுதி இறுகிவிடுவதால் மண்ணிலிருந்து அழுக்கு ஏறாது. அதிலுள்ள கரிமத்தை வைத்தே ஆண்டு சொல்லலாம் என்று கண்டுகொண்டார்கள். விறகின் கரிமமும் கொஞ்சம் உள்ளே நுழையும் என்பது இதில் ஒரு சின்னத் தொல்லை.

இங்கிலாந்தின் பழைய பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் நடந்ததைக் கேளுங்கள். 1920-களில் அங்கே தோண்டியவர்களுக்கு எரிந்த மனித எலும்புகள் கிடைத்தன. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், 1935-இல் எல்லாவற்றையும் ஒரே குழியில் கொட்டி மூடிவிட்டார்கள். 2008-இல் அந்தக் குழியைத் திரும்பத் திறந்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வில், 25 பேரின் எரிந்த மண்டையெலும்பில் இருந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தைப் பார்த்து, அவர்களில் 10 பேர் அந்தச் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர், மேற்கே வேல்ஸ் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். உண்ட உணவின் வழியே நிலத்தின் அடையாளம் எலும்பில் ஏறுகிறது, தீயும் அதை அழிப்பதில்லை. குப்பை என்று கொட்டியது எண்பது வருடத்துக்குப் பிறகு ஊர் சொல்லியது.

தாழிக்குள் நெல், மணி, இரும்பு எல்லாம் எதற்கு?

படையல் என்பது பொதுவான விளக்கம். பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் தொல்லியல் ஆய்வாளர் கா. ராஜன் குழுவினர் ஒரு ஈமச்சின்னத்துக்குள் நான்கு கால் சாடி ஒன்றைக் கண்டார்கள். அதில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது, கி.மு. 490 என்று கணிப்பு வந்தது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் சூதுபவள மணிகள் கிடைத்தன. மணிக்கல்லை அறுத்துத் துளையிடும் பட்டறைகள் இருந்த ஊர் அது.

ஆதிச்சநல்லூரில் ரீ எடுத்தவற்றில் மெல்லிய தங்கப் பட்டங்கள் இருக்கின்றன. நெற்றியில் கட்டுவதற்கு இருபுறமும் துளை போட்ட தகடுகள். 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறைக்காக தி. சத்தியமூர்த்தி தோண்டியபோது கிடைத்த ஒரு பானை எனக்கு அந்தத் தங்கத்தைவிடப் பிடிக்கும். அதன் மேல் களிமண்ணை ஒட்டி உருவாக்கிய சிற்பங்கள்: ஒல்லியான ஒரு பெண், பக்கத்தில் ஒரு மரம், ஒரு கொக்கு, ஒரு மான். மரணத்துக்கு வனைந்த பானையில் ஆற்றங்கரையை ஒட்டிவைத்திருக்கிறார் அந்தக் குயவர்.

பொருள் அதிகம் இருந்தால் பணக்காரர் என்று உடனே சொல்லாதீர்கள். கூட வைத்தவை இறந்தவருடையவையா, வந்தவர்கள் போட்டவையா என்பது தெரியாது. நம் ஊரில் வாய்க்கரிசி போடுவது யார்?

சிவகளை இரும்புக்கு 5,300 வருடம் என்கிறார்களே, நம்பலாமா?

சிவகளைக்கு முதலில் வந்த பெரிய கணிப்பு, ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று வந்தது. 2021-இல் அறிவித்தார்கள். பிறகு 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளைத் தாழிகள் சிலவற்றின் கரித்துண்டுகளுக்கு கி.மு. 3345 வரை போகும் காலத்தைச் சொன்னது. அந்தத் தாழிகளில் இரும்புப் பொருட்களும் இருந்தன.

கணிப்பு எதைக் கணிக்கிறது என்று முதலில் கேட்டுப் பழக வேண்டும். நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிவது, அதன் வயது ஏறக்குறைய தாழி மூடிய வயது. கரி அப்படியில்லை. முந்நூறு வருடம் நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை எரித்தால் கரியும் முந்நூறு வருடம் முந்தியே வயது காட்டும். பழைய கரி மண்ணோடு உள்ளே சரிந்து விழவும் வாய்ப்புண்டு. ஆனால் முந்நூறு வருடம் வேறு, இரண்டாயிரம் வருடம் வேறு. அதே ஊர்ப் பானை ஓடுகளைக் கரிமம் இல்லாத வேறு முறையில், அதாவது மண்ணின் மணல் துகள்களை ஒளியால் தூண்டிப் பார்க்கும் முறையில் கணித்தபோதும் கி.மு. 2400-களுக்குப் போகிறது. ஆகவே அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இன்னும் பல தாழிகள், இன்னும் பல நெல்மணிகள் வர வேண்டும். அதுவரை பட்டாசும் வேண்டாம், கேலியும் வேண்டாம்.

ஒரு தாழியை எப்படித் திறக்கிறார்கள்?

மண்வெட்டியோடு பாய்வார்கள் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முதலில் தெரிவது மண்ணின் நிறமாற்றம், அல்லது ஒரு வட்ட விளிம்பு. அளவெடுத்து, வரைந்து, படம் எடுத்தபின் தாழிக்கு வெளியே மண்ணைச் சுரண்டி இறங்குவார்கள். உள்ளே வேலை தூரிகையிலும் கரண்டியிலும் மூங்கில் குச்சியிலும்தான். மேல்மண், நடுமண், அடிமண் எல்லாம் தனித்தனிப் பை. அந்த மண்ணைச் சலித்து, தண்ணீரில் கரைத்து, மிதக்கும் விதைகளை அரிப்பார்கள். மரபணு எடுக்கும் தாழி என்றால் கையுறை, முகமூடி. ஒரு தும்மல் போதும், நம் மரபணு அதில் ஏறிவிடும்.

மூடியாக இன்னொரு தாழியைக் கவிழ்த்து வைத்தவையும் ஆதிச்சநல்லூரில் வந்தன. பாறையைக் குடைந்து குழி செய்து, அதில் இறக்கியிருக்கிறார்கள். மண்ணில் வைத்தால் போதாதா என்று யாராவது கேட்டால் பதில் எளிது: அந்தத் தாமிரபரணிக் கரையில் விளைகிற மண்ணை வீணாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். பரம்பு என்று அழைக்கும் அந்த மேடு விவசாயத்துக்கு ஆகாத தரை.

ஆணா பெண்ணா, முகம் எப்படி என்றெல்லாம் தெரியுமா?

இடுப்பெலும்பு நன்றாகக் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று சொல்லலாம், பல்லையும் எலும்பு முனைகளையும் பார்த்து வயதைக் குறுக்கலாம். நம் ஊரில் சூடும் ஈரமும் சேர்ந்து மரபணுவைச் சீக்கிரம் சிதைத்துவிடும், ஆகவே அது வருவது கடினம். கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளுக்கு 2025-இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் முகம் வரைந்து தந்தது. எலும்பு தருவது முகத்தின் வடிவத்தைத்தான். நிறமும் முடியும் பெரும்பாலும் ஊகம். அந்தப் படத்தை வைத்து "இது யார் சாதி" என்று வாட்ஸ்அப்பில் சண்டை போட்டவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. 1930-இல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை அளந்து இனம் பிரித்தார்கள். அந்த முறையை அறிவியல் எப்போதோ மூட்டை கட்டிவிட்டது.

கல்திட்டை, கல்பதுக்கை, கல்வட்டம்: என்ன வித்தியாசம்?

பலகைக்கல் அறை தரைக்கு மேலே தெரிந்தால் கல்திட்டை, உள்ளே புதைந்திருந்தால் கல்பதுக்கை, சுற்றிலும் உருண்டைக் கல் அடுக்கியிருந்தால் கல்வட்டம். கால் வைத்த தொட்டி மாதிரிச் சுடுமண்ணில் செய்தது ஈமப்பேழை. கிருஷ்ணகிரி மல்லசந்திரத்தில் கல்திட்டைகளை மோரியர் வீடு என்பார்கள்.

இலங்கையிலும் இருக்கிறதா?

இருக்கிறது. புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பில் தாழிக்காடு இருக்கிறது, 1920-களிலேயே தோண்டினார்கள். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980-இல் நீட்டிப் படுக்கவைத்த உடல்கள் கிடைத்தன, அவற்றில் ஒன்றோடு எழுத்து பொறித்த முத்திரையும் வந்தது. கொந்தகையிலும் தாழிகளுக்கு நடுவே நீட்டிப் புதைத்தவை உண்டு.

இறந்தவர்களைத் தோண்டுவது சரியா?

இதற்கு நான் தயங்கித்தான் பதில் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் முங்கோ ஏரிக்கரையில் 1968-இல் கிடைத்த பெண்ணின் எலும்புகள் சுமார் 40,000 வருடம் பழையவை, எரிக்கப்பட்டவை. 1992-இல் அவற்றை அந்த நிலத்துப் பழங்குடி மக்களிடமே திருப்பித் தந்தார்கள். நம் ஊரில் தோண்டிய எலும்பெல்லாம் எண்ணிட்டுப் பெட்டிக்குள் போகிறது. தோண்டாவிட்டால் சாலையும் செங்கல் சூளையும் அள்ளிப்போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் தாழியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றும் ஊர்ப் பெண்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

என் நிலத்தில் தாழி வந்தால்?

வேலையை நிறுத்துங்கள். உள்ளே கை விடாதீர்கள், கழுவாதீர்கள். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் எல்லை இன்னும் மாறவில்லை! தங்கம் இருக்கும் என்று பானையை உடைத்தவர்கள் கண்டது பெரும்பாலும் மண்தான்.

எங்கே பார்க்கலாம்?

ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் குழிகளைக் கண்ணாடியால் மூடி, தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்படி ஒரு காட்சிக்கூடம் வந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் 24 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பரம்பில் நிழல் கிடையாது. கண்ணாடி மேல் நிற்கும்போது குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு தாழி வாயும் பக்கத்துத் தாழியோடு கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நிற்கும்.